உள்ளே போய்ப் பார்க்க வைக்காத பெயர்கள்

மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன வெப்சைட்டுகளைப் பராமரிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. எழுதியவர் பக்கத்தில் இருக்க மாட்டார். பல நேரம் அவர் யாரென்றே தெரியாது. கூடவே வரும் டாக்குமெண்ட் பழசாகியிருக்கும், கமெண்ட் ஒன்று சொல்லும், நிரல் வேறொன்று செய்யும். கடைசியில் எனக்கு மிஞ்சுவது வேரியபிள்களுக்கும் ஃபங்க்ஷன்களுக்கும் அவர் வைத்த பெயர்கள்தான். அதனால் பெயர் வைப்பதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக என்னால் பார்க்க முடிவதில்லை. அடுத்து வருபவரின் நேரம் அதில் இருக்கிறது.

ஒரு பெயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி. அந்த ஃபங்க்ஷனைக் கூப்பிடும் வரியை மட்டும் படித்துவிட்டு, அதன் உள்ளே போய்ப் பார்க்காமல், அடுத்த வரிக்கு நகர முடிகிறதா? முடிந்தால் நல்ல பெயர். "எதற்கும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவோம்" என்று தோன்றினால் பெயரை மாற்ற வேண்டும். இனி நான் சொல்லப்போகும் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான்.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. ஆகவே கேமல் கேஸ் (சொற்களை ஒட்டி, இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கும் முறை) பெயர்களை இங்கே இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அதன் 'டேட்' ஆப்ஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'கெட் டேட்' மாதத்தின் தேதியைத் தரும். 'கெட் டே' கிழமையைத் தரும், ஞாயிற்றுக்கிழமைக்கு 0. 'கெட் மன்த்' ஜனவரிக்கு 0 தரும், ஆனால் தேதி மட்டும் 1-இலிருந்து தொடங்கும். 'கெட் இயர்' என்பது ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்துத் தரும். 1999-இல் அது 99 என்று சொன்னது. 2000 பிறந்ததும் 100 என்று சொன்னது. அதன் முன்னால் "19" என்று ஒட்டி வைத்திருந்த பக்கங்களில் 19100 என்று ஆண்டு காட்டியது. பிறகு 'கெட் ஃபுல் இயர்' என்று இன்னொன்று சேர்க்க வேண்டி வந்தது. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவையெல்லாம் 1995-இல் ஜாவாவின் டேட் கிளாஸிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட பெயர்கள். ஒவ்வொன்றும் சின்னது, எழுத்துப் பிழை இல்லாதது, படிக்க எளிது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நம்மை ஆவணத்தைத் திறக்க வைக்கிறது. 'கெட் டே ஆஃப் வீக்' என்று இருந்திருந்தால் யாரும் திறந்து பார்த்திருக்க வேண்டியதில்லை. சுருக்கமும் தெளிவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அலகு பெயரில் இருக்கட்டும்

முதலில் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். எண்ணைத் தாங்கும் வேரியபிள் ஒவ்வொன்றிலும் அதன் அலகைச் சேர்த்துவிடுங்கள்.

வெப்பில் நேரம் இரண்டு விதமாக ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் 'டேட் டாட் நவ்' மில்லிசெகண்டில் தருகிறது. பிஎச்பியின் 'டைம்' செகண்டில் தருகிறது. 'செட் டைம்அவுட்' மில்லிசெகண்ட் கேட்கும். குக்கியின் 'மேக்ஸ்-ஏஜ்' செகண்ட் கேட்கும். எக்ஸ்பிரஸ் என்ற சர்வர் ஃபிரேம்வொர்க்கில் குக்கி வைக்கும்போது கொடுக்கும் 'மேக்ஸ் ஏஜ்' ஆப்ஷனோ மில்லிசெகண்ட் கேட்கும்; அதுவே செகண்டாக மாற்றி ஹெடரில் எழுதிக்கொள்ளும். ஒரே பெயர், ஒரே குக்கி, இரண்டு அலகு.

லாகின் செய்தவர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் ஜேடபிள்யூடி டோக்கனில் இது இன்னும் ஆபத்து. அதில் காலாவதி நேரத்தைச் சொல்லும் 'எக்ஸ்ப்' செகண்டில் இருக்கும். அதை 'டேட் டாட் நவ்' தரும் மில்லிசெகண்டோடு ஒப்பிட்டால் எல்லா டோக்கனும் காலாவதியானதாகவே தெரியும். அது பரவாயில்லை, உடனே மாட்டிக்கொள்ளும். டோக்கனை உருவாக்கும்போது தவறுதலாக மில்லிசெகண்டைப் போட்டுவிட்டால்தான் பயம். அந்த டோக்கன் இன்னும் 50,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். எந்தப் பிழைச்செய்தியும் வராது, டெஸ்டுகள் எல்லாம் பச்சையாகவே இருக்கும். 'எக்ஸ்பையரி' என்று பெயர் வைத்தவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 'எக்ஸ்பையர்ஸ் அட் செகண்ட்ஸ் = டேட் டாட் நவ்' என்று எழுதியிருந்தால் ரிவியூ செய்பவர் கண்ணில் அந்த வரியே உறுத்தும். இடது பக்கம் செகண்ட் என்கிறது, வலது பக்கம் மில்லிசெகண்ட் தருகிறது. தவறு ஒரே வரியில் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதுதான் பெயரின் வேலை.

பணத்துக்கும் இதே கதைதான். ஸ்ட்ரைப் போன்ற பேமெண்ட் சேவைகள் தொகையை நாணயத்தின் மிகச்சிறிய அலகில் கேட்கின்றன. டாலர் என்றால் சென்ட்டில் கொடுக்க வேண்டும். ஜப்பானிய யென்னுக்கு வழக்கில் சிற்றலகு இல்லை என்பதால் அதை அப்படியே கொடுக்க வேண்டும். வெறும் 'அமவுண்ட்' என்று எழுதினால் நூறு மடங்கு தவறு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். 'அமவுண்ட் சென்ட்ஸ்' என்றால் யென் வரும் நாளில் பெயர் பொய்யாகிவிடும். 'அமவுண்ட் மைனர்' என்று எழுதி, பக்கத்திலேயே 'கரன்சி' என்று ஒரு வேரியபிளும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

"ஜாவாஸ்கிரிப்டோடு டைப்களைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பார்கள். சாதாரணமாக எழுதினால் அது 'நம்பர்' என்று மட்டும்தான் சொல்லும். செகண்டா மில்லிசெகண்டா என்று சொல்லாது. பெயரின் முன்னால் சுருக்கக் குறி ஒட்டும் ஹங்கேரியன் நொட்டேஷனை உருவாக்கிய சார்ல்ஸ் சிமோனி முதலில் நினைத்ததும் இதைத்தான். ஒரு எண் வரிசையா, நெடுவரிசையா, அது எந்த வகையான எண் என்பதைப் பெயர் சொல்ல வேண்டும் என்பதே அவர் எண்ணம். பின்னால் வந்தவர்கள் அதை 'ஸ்ட்ரிங்', 'இன்டிஜர்' என்று டேட்டா டைப்பை முன்னால் ஒட்டும் பழக்கமாக மாற்றிவிட்டார்கள். எடிட்டரே சொல்லும் விஷயத்தைப் பெயரில் திருப்பிச் சொல்வதால் பயனில்லை. எடிட்டரால் சொல்ல முடியாததைப் பெயரில் எழுதுங்கள்.

அதே வகையில் இன்னொன்று, டேட்டாவின் நிலை. பயனர் எழுதிய கமெண்ட் அப்படியே இருந்தால் 'ரா கமெண்ட்'. எஸ்கேப் செய்த (அதிலுள்ள எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிய) பிறகு 'சேஃப் கமெண்ட் எச்டிஎம்எல்'. இரண்டுக்கும் டைப் ஸ்ட்ரிங்தான். ஆனால் முதலாவதைப் பக்கத்தில் அப்படியே போட்டால் யாரோ ஒருவரின் ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடும். ரியாக்ட் என்ற லைப்ரரியை உருவாக்கியவர்கள் இதற்காகவே 'டேஞ்சரஸ்லி செட் இன்னர் எச்டிஎம்எல்' என்று நீளமாக, தட்டச்சு செய்யவே கை தயங்கும்படி ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் அது ஒரு கணம் நிறுத்துகிறது.

வினைச்சொல் ஒரு வாக்குறுதி

ஃபங்க்ஷன் பெயரில் முதலில் வரும் வினைச்சொல்லைத்தான் நான் மிகக் கவனமாகப் பார்ப்பேன். 'கெட்' என்று இருந்தால் அது கையில் இருப்பதை எடுத்துத் தரும், எதையும் மாற்றாது என்று நம்புகிறேன். நெட்வொர்க் வழியாகப் போய் வருவதென்றால் 'ஃபெட்ச்'. தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் 'நல்' (எதுவும் இல்லை என்ற மதிப்பு) தருவதென்றால் 'ஃபைண்ட்'. இந்தப் பிரிவைத்தான் நீங்களும் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் ஏதாவது ஒரு பிரிவை வைத்துக்கொண்டு டீம் முழுக்க அதை மாற்றாமல் பின்பற்ற வேண்டும். ஒரு இடத்தில் 'கெட் யூசர்' எரர் எறிந்து, இன்னொரு இடத்தில் 'கெட் ஆர்டர்' சத்தமில்லாமல் 'நல்' தந்தால் பெயர்மீது இருக்கும் நம்பிக்கையே போய்விடும். நம்பிக்கை போனால் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

ஒரு ஷாப்பிங் தளம் என்னிடம் பராமரிப்புக்கு வந்தது. கார்ட் டேபிளில் பொருளே இல்லாத வரிசைகள் மலைபோல் குவிந்திருந்தன. தேடிப் பார்த்தால், பக்கத்தின் மேல்பகுதியில் கார்ட் எண்ணிக்கை காட்டுவதற்காக 'கெட் கார்ட்' என்ற ஃபங்க்ஷனைக் கூப்பிட்டிருந்தார்கள். அது கார்ட் இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கி டேட்டாபேஸில் எழுதிவிட்டுத் தரும். தேடுபொறியின் போட்டுகள் (பக்கங்களைத் தானாகப் படிக்கும் நிரல்கள்) ஒவ்வொரு பக்கத்தைத் தொடும்போதும் ஒரு வெற்றுக் கார்ட் பிறந்திருக்கிறது. அந்த ஃபங்க்ஷனில் பிழை ஒன்றும் இல்லை. எழுதியவர் என்ன நினைத்தாரோ அதைச் சரியாகவே செய்தது. பெயர்தான் பாதியைச் சொல்லாமல் விட்டது. பைத்தானின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் இதே வேலைக்கு 'கெட்_ஆர்_கிரியேட்' என்று பெயர். அந்தப் பெயர் இருந்திருந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் எதற்கு 'கிரியேட்' என்று ரிவியூவிலேயே யாராவது கேட்டிருப்பார்கள்.

'செக்', 'வேலிடேட்' என்று தொடங்கும் ஃபங்க்ஷன்களையும் இப்படிச் சோதியுங்கள். 'செக் பாஸ்வேர்ட்' என்பது பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதோடு செஷனையும் தொடங்கிவிடுகிறதா? அப்படியானால் பெயரில் 'அண்ட்' போட வேண்டும். 'அண்ட்' போடுவது அசிங்கமாகத் தெரிந்தால் அந்த ஃபங்க்ஷனை இரண்டாக உடைக்க வேண்டும் என்று அர்த்தம். நேர்மையான பெயர் வைக்க முயன்றாலே நிரலின் அமைப்பில் உள்ள கோளாறு வெளியே வந்துவிடுகிறது.

மாற்றுவதும் பிரதி எடுப்பதும் இன்னொரு குழப்பம். 'ஸ்லைஸ்' பிரதி தரும்; ஓரெழுத்து வேறுபாட்டில் இருக்கும் 'ஸ்ப்லைஸ்' இருக்கும் அர்ரேயையே வெட்டிவிடும். 'சார்ட்' மூல அர்ரேயின் வரிசையையே மாற்றிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்ட் 2023-இல் சேர்த்த 'டு சார்ட்டட்', 'டு ரிவர்ஸ்டு' இரண்டும் புதிய அர்ரேயைத் தருகின்றன. அந்த வடிவத்தை நம் ஃபங்க்ஷன்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம். இருப்பதை மாற்றினால் கட்டளை வினை, புதிதாகத் தந்தால் 'டு' அல்லது 'வித்' முன்னொட்டு.

ஒன்றா பலவா என்பதையும் பெயரே சொல்லட்டும். பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் தொடும் வழியான டிஓஎம்மில் 'கெட் எலிமெண்ட் பை ஐடி' ஒன்று தரும், 'கெட் எலிமெண்ட்ஸ் பை கிளாஸ் நேம்' பல தரும்; நடுவில் ஒரே ஒரு 'எஸ்'தான் வேறுபாடு. பின்னால் வந்த 'குவெரி செலக்டர்', 'குவெரி செலக்டர் ஆல்' இரண்டும் இதைத் தெளிவாகச் செய்தன. லிஸ்டுக்குப் பன்மைப் பெயர் வையுங்கள். மேப் என்றால் 'யூசர்ஸ் பை ஐடி' என்று சாவியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'யூசர் டேட்டா', 'யூசர் இன்ஃபோ', 'யூசர் டீடெயில்ஸ்' மூன்றும் ஒரே கோப்பில் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். 'டேட்டா', 'இன்ஃபோ', 'டெம்ப்', 'மேனேஜர்' போன்ற சொற்களை எடுத்துவிட்டுப் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும்.

ட்ரூ, ஃபால்ஸ்

ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் தாங்கும் பூலியனின் பெயர் ஆம்-இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். 'இஸ்', 'ஹேஸ்', 'கேன்', 'ஷுட்' என்று தொடங்கினால் பெரும்பாலும் போதும். 'லாகின்' என்றால் செயலா நிலையா தெரியாது. 'இஸ் லாக்டு இன்' என்றால் தெரியும். எதிர்மறையாக வைக்காதீர்கள். 'இஸ் நாட் டிஸேபிள்டு' என்பதன் முன்னால் 'இல்லை' என்று பொருள்படும் ஆச்சரியக்குறியும் வந்துவிட்டால் படிப்பவர் விரல் விட்டு எண்ண வேண்டும். எச்டிஎம்எல்லின் 'டிஸேபிள்டு' ஆட்ரிபியூட் எதிர்மறையாகவே பிறந்தது, அதை மாற்ற முடியாது. உங்கள் நிரலுக்குள் 'கேன் சப்மிட்' என்று வைத்துக்கொண்டு, ஆட்ரிபியூட்டைத் தொடும் அந்த ஒரே இடத்தில் மட்டும் திருப்பிப் போடுங்கள்.

'இஸ் லோடிங்', 'இஸ் எரர்', 'இஸ் டன்' என்று மூன்று பூலியன் வரிசையாக வந்தால் அவற்றுக்கு நல்ல பெயர் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மூன்றும் ஒரே நேரத்தில் ட்ரூ ஆக முடியாது என்றால் அங்கே இருக்க வேண்டியது 'ஸ்டேட்டஸ்' என்ற ஒரே வேரியபிள்.

ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வழக்கம்

வெப் நிரல் ஒரே மொழியில் நிற்பதில்லை. சிஎஸ்எஸ்ஸில் சொற்களுக்கு நடுவே சிறுகோடு, ஜாவாஸ்கிரிப்டில் கேமல் கேஸ், கிளாஸ்களுக்கும் ரியாக்ட் காம்பொனென்டுகளுக்கும் பாஸ்கல் கேஸ் (முதல் சொல்லும் பெரிய எழுத்தில்), பைத்தானிலும் டேட்டாபேஸிலும் அடிக்கோடு, என்விரான்மென்ட் வேரியபிள்களில் முழுக்கப் பெரிய எழுத்தும் அடிக்கோடும். இதில் எது சிறந்தது என்ற விவாதத்தில் நான் கலந்துகொள்வதில்லை. அந்தந்த அடுக்கில் வழக்கம் எதுவோ அதுவே சரி. பிரவுசரே அப்படித்தான் நடந்துகொள்கிறது. சிஎஸ்எஸ்ஸின் 'பேக்கிரவுண்ட்-கலர்' ஜாவாஸ்கிரிப்டுக்குள் வரும்போது கேமல் கேஸாகிவிடுகிறது. எச்டிஎம்எல்லின் 'டேட்டா-யூசர்-ஐடி' என்பது 'டேட்டாசெட்'டில் 'யூசர் ஐடி' ஆகிவிடுகிறது.

சில இடங்களில் வழக்கம் வெறும் வழக்கமல்ல, விதி. ரியாக்டில் காம்பொனென்ட் பெயர் சின்ன எழுத்தில் தொடங்கினால் அதைச் சாதாரண எச்டிஎம்எல் டேக் என்று எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதிய பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தாக மாறிவிடும். நீங்கள் கேமல் கேஸில் வைத்த நெடுவரிசைப் பெயர் ஒட்டிப்போய் ஒரே சொல்லாகிவிடும். அதே டேட்டாபேஸில் 'யூசர்', 'ஆர்டர்' இரண்டும் ஒதுக்கப்பட்ட சொற்கள். 'யூசர்ஸ்', 'ஆர்டர்ஸ்' என்று பன்மையில் வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

அடுக்குகள் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல். சர்வர் அடிக்கோடு வைத்து ஜேசனை அனுப்புகிறது, பிரவுசர் பக்கம் கேமல் கேஸ். மாற்றுவதை ஒரே ஒரு இடத்தில், ஏபிஐயைக் கூப்பிடும் கோப்பில் செய்துவிடுங்கள். இரண்டு வடிவமும் கலந்து உள்ளே நுழைந்துவிட்டால், ஒரு பெயரைத் தேடும்போது பாதி இடங்கள் கண்ணில் படாமலே போகும்.

கோப்புப் பெயர்களுக்கு எல்லாம் சின்ன எழுத்து, நடுவே சிறுகோடு என்பது என் உறுதியான பரிந்துரை. விண்டோஸும் மேக்கும் இயல்பாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் சர்வர் பார்க்கும். உங்கள் கணினியில் நன்றாக ஓடும் இம்போர்ட், சர்வரில் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று விழும். எல்லாமே சின்ன எழுத்து என்றால் இந்தப் பிரச்சினை எழவே எழாது.

சிஎஸ்எஸ் கிளாஸுக்குத் தோற்றத்தை வைத்துப் பெயரிடாதீர்கள், வேலையை வைத்துப் பெயரிடுங்கள். 'ரெட்-பட்டன்' என்று வைத்த பிறகு டிசைனர் நிறத்தை மாற்றிவிடுவார். 'டெலிட்-பட்டன்' என்றால் எந்த நிறமும் பொருந்தும். கிளாஸ் பெயரைத் துண்டு துண்டாக ஒட்டி உருவாக்குவதையும் தவிர்த்துவிடுங்கள். டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவி உங்கள் நிரலை வெறும் எழுத்தாகத்தான் படித்துப் பெயர்களைப் பொறுக்குகிறது. 'டெக்ஸ்ட்-' என்பதோடு ஒரு வேரியபிளை ஒட்டினால் அதற்குத் தெரியாது. தேடலில் உங்களுக்கும் கிடைக்காது.

நீளம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மூன்று வரி லூப்புக்குள் 'ஐ' போதும். கோப்பு முழுக்கப் பயணிக்கும் பெயருக்கு இரண்டு மூன்று சொற்கள் நியாயமானவை. டெர்சர், ஈஎஸ்பில்ட் போன்ற கருவிகள் லோக்கல் பெயர்களைத் தாமே சுருக்கிவிடும், ஆகவே பக்கத்தின் வேகம் குறையும் என்ற சாக்கும் செல்லாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு பொருளுக்கு ஒரே பெயர். தளத்தின் உரிமையாளர் 'சப்ஸ்கிரைபர்' என்கிறார், டேபிளில் 'மெம்பர்ஸ்', நிரலில் 'கஸ்டமர்' என்று இருந்தால் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் மொழிபெயர்ப்பு வேலை ஓடும். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அதையே நிரலிலும் வையுங்கள்.

பெயரை மாற்றும்போது

பழைய நிரலில் கெட்ட பெயரைக் கண்டால் அங்கேயே மாற்றுங்கள். விஎஸ் கோடில் எஃப்2 அழுத்தினால் அந்தப் பெயர் பயன்படும் இடங்கள் சேர்ந்தே மாறும். பெயர் மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். லாஜிக் மாற்றத்தோடு கலந்தால் ரிவியூ செய்பவரால் எதையும் பார்க்க முடியாது.

வெளியே போய்விட்ட பெயர் வேறு விஷயம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் எச்டிடிபி ஹெடரின் பெயரில் ஓர் 'ஆர்' விடுபட்டுப்போனது. 1996-இல் வெளியான எச்டிடிபி ஆவணமான ஆர்எஃப்சி 1945-இலும் அந்தப் பிழையோடுதான் பதிவானது, இன்றுவரை பிரவுசர்கள் அதையே அனுப்புகின்றன. டிஓஎம்மில் உள்ள 'டாக்குமெண்ட் டாட் ரெஃபரர்' சரியான எழுத்துக்கூட்டலோடு இருக்கிறது, பின்னால் வந்த 'ரெஃபரர்-பாலிசி' ஹெடரும் அப்படியே. ஆக, இரண்டு எழுத்துக்கூட்டலையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் நாம் வேலை செய்கிறோம். யூஆர்எல், ஏபிஐ ஃபீல்டு, டேட்டாபேஸ் நெடுவரிசை இம்மூன்றுக்கும் பெயர் வைக்கும்போது அதனால்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் வரிசையாகச் செய்யுங்கள். யூஆர்எல் என்றால் பழையதிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தர) ரீடைரக்ட். ஃபார்ம் அனுப்பும் முகவரி என்றால் போஸ்ட் கோரிக்கை கெட் ஆக மாறிவிடாமல் இருக்க 308. ஏபிஐ ஃபீல்டு என்றால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் சில காலம் சேர்த்தே அனுப்புங்கள், எப்போது பழையது போகும் என்று தேதி அறிவியுங்கள். நெடுவரிசை என்றால் புதியதைச் சேர்த்து, இரண்டிலும் எழுதத் தொடங்கி, பழைய வரிசைகளை நிரப்பி, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, அதன் பிறகே பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள். பழையதை நீக்கும் மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் நிரலை) அதே நாளில் ஓட்டாதீர்கள்; அடுத்த ரிலீஸுக்குத் தள்ளி வைத்தால், நடுவில் ஏதாவது உடைந்தாலும் திரும்பிப் போக வழி இருக்கும்.